ஓடிக்கொண்டிருக்கும் உறுப்பினர் தளத்துக்குப் புது முகம்: தரவில் கைவைக்காமல் மாற்றிய அனுபவம்

ஒரு சங்கத்தின் உறுப்பினர் தளத்தைப் புதுப்பித்த வேலை இது. தளத்தை நடத்தும் மென்பொருள் வேர்ட்பிரஸ், அதன் மேல் ஒரு உறுப்பினர் பிளகின் (கூடுதலாகச் சேர்க்கும் நிரல்), பணம் வாங்க ஒரு பேமென்ட் கேட்வே, பல ஆயிரம் உறுப்பினர்கள். எந்த நேரம் பார்த்தாலும் யாராவது சந்தா கட்டிக்கொண்டிருப்பார், இன்னொருவர் முகவரி மாற்றிக்கொண்டிருப்பார், புதிதாக ஒருவர் சேர்ந்துகொண்டிருப்பார். கேட்டது மூன்று விஷயம்: தோற்றம் புதிதாக வேண்டும், ஹோஸ்டிங் மாற வேண்டும், உறுப்பினர் வகைகளையும் திருத்தி அமைக்க வேண்டும். "எல்லாத்தையும் ஒரே ராத்திரில முடிச்சிரலாமே சார்" என்றார் செயலாளர். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மூன்றையும் சேர்த்து மாற்றி, மறுநாள் காலையில் ஒருவர் "என் சந்தா முடிந்துவிட்டதாகக் காட்டுகிறதே" என்று போன் செய்தால், கோளாறு புது டெம்ப்ளேட்டிலா, வகை மாற்றத்திலா, புது சர்வரிலா என்று தேடுவதற்குள் நாள் போய்விடும். அதைவிட மோசம், பின்வாங்க வழி இருக்காது. பழைய பேக்கப்பை எடுத்துப் போட்டால் அதற்குப் பிறகு சேர்ந்தவர்களும் பணம் கட்டியவர்களும் காணாமல் போவார்கள். தோற்றம் மட்டும் மாறி, தரவு இருந்த இடத்திலேயே இருந்தால் பழைய தீமுக்கு (தோற்றத்தைத் தரும் கோப்புத் தொகுப்பு) திரும்புவது ஒரு கிளிக்கில் முடிகிற வேலை. அதனால் முதலில் தோற்றம், அது நிலைத்த பிறகு ஹோஸ்டிங், கடைசியில்தான் வகைகள் என்று வரிசை போட்டோம். ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை இது, பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தலாம், உள்ளே இருப்பதைக் கலைக்கக் கூடாது.

டிசைனர் படம் வரைந்துகொண்டிருந்த நாட்களில் நான் செய்தது, உறுப்பினர் தரவு எங்கெங்கே கிடக்கிறது என்று தேடியதுதான். யூசர் டேபிள், ஒவ்வொருவரின் கூடுதல் விவரங்கள் இருக்கும் யூசர்மெட்டா டேபிள், உறுப்பினர் பிளகினின் சொந்த டேபிள்கள், பணம் கட்டிய பதிவுகள், விண்ணப்பப் படிவ பிளகின் சேர்த்து வைத்திருப்பவை, அப்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் படங்களும் சான்றிதழ் நகல்களும். இதுவரை எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். எதிர்பாராத இடம் ஒன்று உண்டு, தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பு. வரிவரியாகப் படித்தேன். முன்பு வேலை செய்த யாரோ, புது உறுப்பினர் பதிவாகும்போது அவருக்கு உறுப்பினர் எண் உருவாக்கி யூசர்மெட்டாவில் சேமிக்கிற நிரலை அங்கே எழுதி வைத்திருந்தார். தீம் மாறினால் இந்த நிரல் ஓடாது. எரர் எதுவும் வராது, பதிவு நடக்கும், பணம் போகும், நன்றி மின்னஞ்சலும் வரும், எண் மட்டும் இருக்காது. அட்டை அச்சிடும்போதுதான் அலுவலகத்துக்கே தெரியவரும், அதற்குள் எத்தனை பேர் சேர்ந்திருப்பார்களோ. அந்தத் துண்டை அப்படியே எடுத்து ஒரு சின்ன பிளகினாக்கி எம்யூ-பிளகின்ஸ் ஃபோல்டரில் போட்டேன். அங்கே இருப்பது தானாகவே ஓடும், அட்மின் பக்கத்திலிருந்து யாரும் தவறிப்போய் நிறுத்திவிட முடியாது. புது தீமை எழுதத் தொடங்கும் முன்பே, பழைய தீம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, லைவ் தளத்தில் இதை மாற்றி, புது எண்கள் ஒழுங்காக விழுகின்றனவா என்று பார்த்துக்கொண்டோம்.

யூசர்மெட்டா டேபிளில் என்னென்ன கீ (விவரத்தின் பெயர்) இருக்கிறது, ஒவ்வொன்றும் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று ஒரு க்வெரி ஓட்டிப் பாருங்கள். தளத்தின் முழு வரலாறும் அதில் வரும். எங்களுக்குத் தொலைபேசி எண்ணுக்கு மட்டும் மூன்று வெவ்வேறு கீ இருந்தன. ஒவ்வொரு முறை படிவம் மாறியபோதும் ஒரு பெயர் கூடியிருக்கிறது. எது சரியானது என்று உறுப்பினர்களின் அழைப்புகளை எடுத்துப் பேசும் அம்மாவிடம் கேட்டதும் நொடியில் சொன்னார்: "பழையவங்களுக்கு இது, புதுசா வந்தவங்களுக்கு அது, நடுவுல சேர்ந்தவங்களுக்கு ரெண்டும் இருக்கும், ரெண்டும் வேற வேறயா இருக்கும்." கை பரபரத்தது, உடனே ஒன்றாக்கிவிடலாம் என்று. செய்யவில்லை. அது தரவு வேலை, அதற்கு வேறு நாள். புது டெம்ப்ளேட்டில் மூன்றையும் வரிசையாகப் பார்த்து இருப்பதைக் காட்டும்படி எழுதினேன்.

அப்புறம் பேக்கப். "ஹோஸ்டிங்காரர்கள் தினமும் எடுக்கிறார்கள்" என்பது பதில் ஆகாது. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்லேப் தளத்தில் நடந்ததை அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது நாலரை ஜிபி. பேக்கப்பைத் தேடினால், டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுக்கிற கருவியின் பதிப்பு டேட்டாபேஸ் பதிப்போடு பொருந்தாமல் தோல்வியடைந்துகொண்டிருந்திருக்கிறது, அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. வேறொரு காரணத்துக்காக 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த 6 மணி நேரத்தில் சேர்ந்த சுமார் 700 பயனர் கணக்குகள் போயின. அவ்வளவு பெரிய தொழில்நுட்பக் கூட்டத்துக்கே இந்தக் கதி என்றால், நாம் பேக்கப்பைத் திறந்து பார்க்காமல் நம்புவதில் அர்த்தமில்லை.

நான் செய்தது இது. டம்ப் எடுக்கும் முன் டேபிள்கள் எந்த எஞ்சினில் (டேட்டாபேஸ் அவற்றைச் சேமிக்கும் முறை) இருக்கின்றன என்று பார்த்தேன். வேர்ட்பிரஸின் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லில் டம்ப் எடுக்கும்போது சிங்கிள்-ட்ரான்ஸாக்ஷன் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரே கணத்தின் நிலை கிடைக்கும், ஆனால் அது இன்னோடிபி என்ற எஞ்சினில் உள்ள டேபிள்களுக்கு மட்டும். பழைய தளங்களில் மைஐசாம் என்ற பழைய எஞ்சினில் டேபிள் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும், அவற்றுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. பணம் ஒரு டேபிளில் பதிவாகி, சந்தா நீட்டிப்பு இன்னொன்றில் பதிவாகாத ஒரு கணத்தில் நகல் எடுக்கப்படலாம். பிறகு அந்த டம்ப்பை வேறொரு சர்வரில் ஏற்றி ஒப்பிட்டேன்: நிலைவாரியாக உறுப்பினர் எண்ணிக்கை, பணப் பதிவுகளின் கூட்டுத்தொகை, கடைசியாகச் சேர்ந்தவரின் விவரம். கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் தனியாக. பெயர்களைக் கண்ணாலும் பார்க்க வேண்டும். தமிழ் போன்ற எழுத்துகளில் சேமித்த பெயர்கள், டேட்டாபேஸ் இணைப்பின் எழுத்துக் குறியாக்கம் தவறாக இருந்தால், தலையில் கோடு போட்ட ரோமன் எழுத்தும் பதிவு முத்திரைக் குறியும் மாறி மாறி வருகிற சரமாகிவிடும். எண்ணிக்கை அப்போதும் சரியாகவே இருக்கும், அதனால் கவுண்ட்டை மட்டும் நம்பினால் இது கண்ணில் படாது.

சரி, ஸ்டேஜிங், அதாவது சோதனைக்கான நகல் தளம். லைவ் தளத்தை நகலெடுத்ததும் அந்த நகல் தன்னை லைவ் என்றே நினைத்துக்கொள்ளும். வேர்ட்பிரஸில் க்ரான் என்பது, அதாவது நேரம் குறித்து வைத்த வேலைகள், யாராவது பக்கத்தைத் திறந்தாலே ஓடுகிற சமாச்சாரம். டிசைனர் நகலைத் திறந்து ஒரு பட்டனின் நிறத்தைப் பார்க்கிறார், பின்னால் "உங்கள் சந்தா முடியப்போகிறது" மின்னஞ்சல் நிஜ உறுப்பினர்களுக்குப் பறக்கிறது. அதனால் நகலைத் திறக்கும் முன்பே சர்வர் மட்டத்தில் வெளியே போகும் மின்னஞ்சலை அடைத்து, எல்லாம் மெயில்பிட் என்ற சோதனை அஞ்சல்பெட்டியில் விழும்படி செய்தேன். க்ரானை நிறுத்தினேன். கேட்வேக்குச் சோதனைச் சாவி. இதோடு நிற்காமல் மின்னஞ்சல் முகவரிகளையே மாற்றினேன், ஒவ்வொருவரின் ஐடி எண்ணையும் முன்னால் வைத்து, இன்வாலிட் என்று முடியும் முகவரியாக. அந்தக் கடைசிப் பகுதி யாருக்கும் ஒதுக்கப்படாது என்று 1999-லேயே ஆர்எஃப்சி 2606 என்ற இணைய ஆவணத்தில் எழுதி வைத்துவிட்டார்கள், ஆகவே அடைப்பு எங்காவது ஒழுகினாலும் யாருக்கும் போய்ச் சேராது. தொலைபேசி, வீட்டு முகவரி எல்லாவற்றிலும் பொய்த் தரவு. டிசைனருக்கு நிஜ ஆட்களின் எண் எதற்கு?

இனி, இந்த மாதிரி வேலைகளில் தரவு உண்மையிலேயே தொலைகிற இடத்துக்கு வருகிறேன். ஹேக்கர், ஹார்டு டிஸ்க் என்று பயப்படுகிறோம். பெரும்பாலும் தொலைவது ‘புஷ் டு லைவ்’ பட்டனில்தான். சில வாரம் ஸ்டேஜிங்கில் வேலை செய்கிறோம், அழகாக முடிக்கிறோம், பட்டனை அழுத்துகிறோம், ஸ்டேஜிங் டேட்டாபேஸ் முழுதாக லைவ் மேல் போய் உட்காருகிறது. அந்தச் சில வாரத்தில் லைவில் சேர்ந்தவர், புதுப்பித்தவர், பாஸ்வேர்ட் மாற்றியவர் எல்லோரும் துடைக்கப்படுகிறார்கள். தளம் புதிதாகப் பளபளப்பதால் உடனே யாருக்கும் தெரியவும் தெரியாது.

ஆகவே தரவு லைவிலிருந்து ஸ்டேஜிங்குக்கு மட்டும்தான் போகும், நிரல் ஸ்டேஜிங்கிலிருந்து லைவுக்கு மட்டும்தான் போகும், இரண்டும் எதிர்த்திசையில் போகாது என்று வைத்துக்கொண்டோம். சொல்வது சுலபம். வேர்ட்பிரஸில் சிக்கல் என்னவென்றால், டிசைனிலும் பாதி டேட்டாபேஸில்தான் இருக்கிறது: மெனு, விட்ஜெட், தீம் அமைப்புகள், பேஜ் பில்டரில் கட்டிய பக்கங்கள். அவையும் உறுப்பினர் விவரமும் ஒரே டேட்டாபேஸில், சில நேரம் ஒரே டேபிளில். அந்த ஒரு டேபிளை மட்டும் நகர்த்தலாமே என்றால் அதுவும் ஆபத்து. ஸ்டேஜிங்கில் நான் உருவாக்கிய புதுப் பக்கத்துக்கு 4812 என்று ஐடி விழுந்திருக்கும், அதே நேரம் லைவில் ஒருவர் அனுப்பிய விண்ணப்பம் 4812 ஆகப் பதிவாகியிருக்கும். ஒன்று மற்றதை விழுங்கும், விழுங்கப்பட்ட ஐடியைச் சுட்டிக்கொண்டிருந்த மெட்டா தகவல்கள் புதிதாக வந்ததோடு ஒட்டிக்கொள்ளும்.

அதற்கு நாங்கள் கண்ட வழி கொஞ்சம் சலிப்பானது. முடிந்த அளவு டெம்ப்ளேட், நிறம், எழுத்தளவு எல்லாவற்றையும் தீமின் கோப்புகளிலேயே வைத்தோம், அவை நிரலோடு போய்விடும். கோப்பில் வைக்க முடியாதவற்றை ஒரு தாளில் எழுதினோம்: இந்தப் பக்கத்தை எக்ஸ்போர்ட் செய், அங்கே இம்போர்ட் செய், இந்த மெனுவை இந்த இடத்தில் ஒட்டு, இந்த அமைப்பை மாற்று. பிறகு லைவிலிருந்து புத்தம்புது நகல் எடுத்து, அந்தத் தாளை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். தாளில் இல்லாத ஒன்று தேவைப்பட்டால் நிறுத்தி, எழுதி, இன்னொரு புது நகலில் மறுபடி. தாளை மட்டும் வைத்துக்கொண்டு, எங்கும் தயங்காமல் முடிக்க முடிந்த பிறகுதான் தேதி குறித்தோம். டிசைனருக்கு இந்த ஒத்திகை பிடிக்கவே இல்லை, அது வேறு விஷயம்.

ஒத்திகையில்தான் ஒரு வினோதமான தேதி வந்தது. புது ‘என் கணக்கு’ பக்கத்தில் ஒரு மூத்த உறுப்பினரின் சந்தா முடியும் நாள் ‘30 நவம்பர் -0001’ என்று இருந்தது. கழித்தல் குறியோடு ஒரு வருடம்! டேபிளைத் திறந்தால் அவருக்கு முடிவுத் தேதி 0000-00-00. ஆயுள் உறுப்பினர் என்பதை அப்படிக் குறித்து வைத்திருக்கிறார்கள். பிஎச்பி அதைத் தேதியாகப் படிக்கும்போது பூஜ்யமாவது மாதம் என்றால் முந்தைய ஆண்டின் டிசம்பர், அதன் பூஜ்யமாவது நாள் என்றால் நவம்பர் 30 என்று பின்னோக்கி எண்ணிவிடுகிறது. பார்க்கத்தான் வேடிக்கை. அடுத்த வரியிலேயே, முடிவுத் தேதி இன்றைக்கு முந்தியதாக இருந்தால் பக்கத்தைப் பூட்டு என்று புது டெம்ப்ளேட்டில் இருந்தது. அப்படியே லைவுக்குப் போயிருந்தால் ஆயுள் உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஒரே இரவில் வெளியே நின்றிருப்பார்கள். தேதியைத் திருத்தவில்லை, டெம்ப்ளேட்டைத்தான் திருத்தினேன்: பூஜ்யத் தேதி என்றால் ‘ஆயுள் உறுப்பினர்’ என்று காட்டு, பூட்டாதே. அதன்பின் சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் கணக்குகளைத் தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்றிக்கொண்டோம். சாதாரண ஆட்கள் வேண்டாம். மிகப் பழையவர், சந்தா விட்டுப்போய்த் திரும்பி வந்தவர், பெயரில் மேற்கோள் குறி இருப்பவர், படமே இல்லாதவர், ஒரே மின்னஞ்சலைப் பெரிய எழுத்திலும் சிறிய எழுத்திலும் இரண்டு முறை பதிந்தவர், இப்படி.

பாஸ்வேர்ட் பற்றி ஒரு யோசனை வந்தது, "புது தளம்தானே, எல்லோரையும் ரீசெட் செய்யச் சொல்லலாம்" என்று. வேண்டவே வேண்டாம். திடீரென்று பாஸ்வேர்ட் மாற்றச் சொல்லி வரும் மின்னஞ்சலைப் பார்த்தால் ஏமாற்று வேலை என்றுதான் விவரமானவர்கள் நினைப்பார்கள், பழைய மின்னஞ்சலை இழந்தவர்கள் நிரந்தரமாக வெளியே போய்விடுவார்கள். யூசர் டேபிளைத் தொடாமல் விட்டால் ஹாஷ் (பாஸ்வேர்ட் சேமிக்கப்படும் மறைவடிவம்) அப்படியே வேலை செய்யும். வேர்ட்பிரஸே 2025-ல் 6.8 பதிப்பில் பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறைக்கு மாறியபோது பழைய ஹாஷை ஏற்றுக்கொண்டு, அடுத்த லாகினில் சத்தமில்லாமல் புதிதாக்கும்படிதான் செய்தார்கள். கான்ஃபிக் கோப்பில் உள்ள சால்ட்களையும் (லாகின் குக்கிகளைக் காக்கும் ரகசியச் சரங்கள்) நாங்கள் மாற்றவில்லை, மாற்றினால் உள்ளே இருக்கும் எல்லோரும் வெளியே தள்ளப்படுவார்கள்.

கேஷுக்கு (வேகத்துக்காகப் பக்கங்களைச் சேமித்து வைத்துத் தருவது) ஒரு முழு மாலை ஒதுக்கினேன். தரவு தொலைவதைவிட அவமானமான ஒன்று, ஒருவரின் விவரம் இன்னொருவருக்குத் தெரிவது. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் என்ற கணினி விளையாட்டு விற்பனைத் தளத்தில் கேஷ் அமைப்புக் கோளாறால் சுமார் 34,000 பேரின் தனிப்பட்ட பக்கங்கள் வேறு ஆட்களுக்குக் காட்டப்பட்டிருக்கலாம் என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனம் அறிவித்தது. டேட்டாபேஸில் ஒரு எழுத்துகூட மாறாமல் நடந்த கசிவு அது. எங்கள் பழைய தளத்தில் கணக்குப் பக்கத்தை கேஷ் செய்யக் கூடாது என்று அதன் முகவரியை வைத்து விதி எழுதியிருந்தது, புது டிசைனிலோ உறுப்பினர் பெயரும் சந்தா நிலையும் எல்லாப் பக்கத்தின் மேல்பட்டையிலும் வந்து உட்கார்ந்திருந்தன. அதாவது முகப்புப் பக்கமே தனிப்பட்ட பக்கம். லாகின் குக்கி இருந்தால் எதையும் சேமிக்காதே என்று விதியை மாற்றி, இரண்டு பிரவுசரில் இரண்டு பேராக உள்ளே போய், மூன்றாவதில் யாருமில்லாமல், மாற்றி மாற்றி ரிஃப்ரெஷ் செய்து பார்த்தோம்.

மாற்றும் இரவு பற்றிச் சொல்ல அதிகமில்லை. லாக் பார்த்து ஆள் குறைவான நேரத்தை எடுத்தோம். பதிவையும் விவரத் திருத்தத்தையும் மட்டும் சற்று நேரம் மூடினோம், ‘தற்காலிகமாகக் கிடைக்காது’ என்று சொல்லும் 503 பதிலோடு. பணம் வந்ததைச் சொல்லக் கேட்வேயிலிருந்து தானாக வரும் வெப்ஹூக்கை மூடவில்லை, பணம் நம் பராமரிப்பு நேரம் பார்த்து வருவதில்லை. கடைசி பேக்கப், எண்ணிக்கைகளைக் குறித்தல், தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக வேலை, மறுபடி எண்ணிக்கை. எல்லாம் ஒத்துப்போனதும் திறந்தோம். லாகின், புதுப்பித்தல் பக்கங்களின் முகவரியை மட்டும் மாற்றவே விடவில்லை, முன்பு அனுப்பிய நினைவூட்டல் மின்னஞ்சல்கள் எல்லாம் அங்கேதான் சுட்டுகின்றன.

மறுநாள் வந்த முதல் புகார், "என் போட்டோவை அழிச்சிட்டீங்க." போட்டோ அப்லோட்ஸில் பத்திரமாக இருந்தது. புது தீமின் ஓர் ஓரத்தில், உறுப்பினர் பட்டியலில், நாங்கள் சேமித்த படத்தை எடுக்காமல் கிராவடார் என்ற வெளிச்சேவையில் படம் தேடியது, அவ்வளவுதான். ஆனால் அவருக்கு அது தொலைந்ததுதான். அதற்குப் பிறகு பழைய டெம்ப்ளேட்களை எடுத்து வைத்துக்கொண்டு, அவை யூசர்மெட்டாவிலிருந்து எதையெல்லாம் திரையில் காட்டின, அவை ஒவ்வொன்றும் புதியதில் எங்கே இருக்கின்றன என்று வரிசையாகச் சரிபார்த்தோம். இரத்த வகை ஒரு மூலையில் விடுபட்டிருந்தது. டிசைனர் அது தேவையில்லை என்று நினைத்திருக்கிறார். சங்கத்தில் சிலர் அந்தப் பக்கத்துக்கு வருவதே அதைப் பார்க்கத்தான்.

ஹோஸ்டிங் மாற்றம் பிறகு தனியாக நடந்தது. டிஎன்எஸ் டிடிஎல் மதிப்பை (தளத்தின் சர்வர் முகவரியை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருப்பார்கள் என்பது) முன்கூட்டியே 300 நொடிக்குக் குறைத்து, மாறும் நேரத்தில் பழைய சர்வரில் எழுதுவதை முழுவதும் நிறுத்தினோம். இல்லாவிட்டால் பாதிப் பேர் பழைய வீட்டிலும் பாதிப் பேர் புது வீட்டிலும் பதிவார்கள், இரண்டையும் சேர்ப்பது நரகம். வகைத் திருத்தத்துக்குப் போனபோது அந்தப் பூஜ்யத் தேதி மறுபடி தலைகாட்டியது. மைஎஸ்க்யூஎல் 5.7 முதல் இயல்பாகவே பூஜ்யத் தேதியை ஏற்காது. வேர்ட்பிரஸ் தன் இணைப்பில் அந்தக் கண்டிப்பைத் தளர்த்திக்கொள்வதால் தளம் ஓடும், நாம் நேரடியாக டேபிளை மாற்றப் போனால்தான் முரண்டு பிடிக்கும். ஆயுள் உறுப்பினருக்கென்று புதிய புலம் சேர்த்து, பழையதையும் புதியதையும் சேர்த்தே எழுதி, எல்லாப் பக்கமும் புதியதைப் படிக்கத் தொடங்கிய பிறகு பழையதை விட்டோம். தொலைபேசி எண்ணின் மூன்று கீகளும் அதே முறையில் ஒன்றாயின. இரண்டு எண் இருந்தவர்களுக்கு எதையும் நாங்களாகத் தேர்ந்தெடுக்கவில்லை, அடுத்த லாகினில் அவரையே கேட்டோம்.

பழைய படிவ பிளகினை ‘செயலிழக்கச் செய்’ என்பதோடு நிறுத்தி வைத்திருக்கிறோம். ‘நீக்கு’ என்பதை அழுத்தினால் சில பிளகின்கள் போகும்போது தங்கள் டேபிள்களையும் சேர்த்து அழித்துவிட்டுப் போகும். அதிலிருக்கும் பழைய விண்ணப்பங்களை என்ன செய்வது என்று சங்கம் இன்னும் முடிவு செய்யவில்லை. ஸ்டேஜிங் நகல்கள், என் லேப்டாப்பில் இருந்த டம்ப்புகள், டிசைனரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடந்த ஒரு எக்ஸெல் பட்டியல் (இது எப்படி அங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை), எல்லாவற்றையும் அழித்தாயிற்று.